நாலு படிச் சுண்ணாம்பு

பாறசாலை ரத்னபாய்க்கு மனிதர்களின் பெயர் மனதில் நிற்காது, சுவர்தான் நிற்கும். அமரவிளையில் தொடங்கி அம்பூரி மலையடிவாரம் வரைக்கும் எந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க எத்தனை படி சுண்ணாம்பு பிடிக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். மூணு படி வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்திருக்கு, ஆறு படி வீட்டுக்காரன் பசுவை வித்தான் என்றுதான் பேசுவாள். என் பெயர் வேலாயுதன். கடைசி வரைக்கும் என்னை அவள் "எலே ஒண்ணரைப் படி" என்றுதான் கூப்பிட்டாள். தனுவச்சபுரத்தில் என் வீடு அவ்வளவு சின்னது. சந்தையில் நாலு பேர் முன்னால் அப்படிக் கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்களுக்கு எதற்குத்தான் பற்றிக்கொண்டு வராது என்று என் வீட்டுக்காரி கேட்பாள், அது வேறு கதை.

அவளுக்குச் சொந்தமாக ஒரு சுண்ணாம்புச் சூளை இருந்தது. பூவாற்றில் வாரிய கிளிஞ்சலை வண்டியில் கொண்டுவந்து, கரியோடு மாற்றி மாற்றி அடுக்கி, தீ மூட்டி நீற்றுவாள். புருஷன் செத்ததும், பொம்பிளைக்கு எதற்குச் சூளை என்று சொந்தக்காரர்கள் பேச வந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் அன்றைய சூளைக்குத் தீ வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாளாம். பேச்சு அத்தோடு முடிந்தது. சுண்ணாம்பு தெறித்து இடது கண்ணில் பாதிப் பார்வை போயிற்று. விரல் நுனிகள் வெந்து வெந்து ரேகை அழிந்திருந்தன. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் ஒரே மகள் விமலகுமாரியைப் படிக்கவைத்து, அம்பூரிக்குப் போகும் வழியில் காஞ்சிரவிளை என்ற ஊரில் ஜெயதாஸ் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தாள். மரச்சீனிக் கிழங்கும் நல்லமிளகும் போடுகிற உழைப்பாளி அவன். மாமியார் கணக்கில் அது நாலு படி வீடு.

காஞ்சிரவிளையில் மண் நன்றாக விளையும். ஆனால் மழை விட்டு ஓடைகள் தெளிந்து ஓட ஆரம்பித்ததும் குளிர்காய்ச்சல் வந்துவிடும். ஊரில் மலம்பனி என்பார்கள், சுருக்கமாகப் பனி. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளைப் போட்டு உலுக்கும். மாசமாக இருக்கிற பெண்ணுக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளை தங்குவது அபூர்வம்.

அந்தப் பனியை ஒழிப்பதற்குத்தான் நான் சம்பளம் வாங்கினேன். தில்லியில் நாடு முழுவதற்கும் திட்டம் போட்டிருந்தார்கள். கொசு ஆளைக் கடித்து வயிறு நிறைந்ததும் தூரமாகப் பறக்க மாட்டாமல் பக்கத்துச் சுவரில் உட்காரும். அந்தச் சுவரில் டி.டி.டி. மருந்து இருந்தால் அங்கேயே செத்து விழும். ஆகவே காய்ச்சல் உள்ள ஊர்களில் ஒரு வீடு விடாமல் உள்சுவருக்கு மருந்தடிக்க வேண்டும். சில வருஷம் தொடர்ந்து அடித்தால் காய்ச்சல் தங்க ஆளில்லாமல் போய்விடும். எந்த ஊருக்கு எந்த மாசம், எத்தனை அடி சுவருக்கு எவ்வளவு மருந்து, எல்லாம் அச்சடித்து வந்தது. அந்தக் காகிதத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது, இன்றைக்கும் உண்டு. என் ஜோடி சுந்தரன் பம்பை மிதிப்பான், நான் குழலைப் பிடித்து அடிப்பேன். மூட்டைப்பூச்சி முதலில் சாகும் என்பதால் பெண்களுக்கு எங்களைப் பிடிக்கும். பானை சட்டியை முற்றத்துக்குத் தூக்குகிற வேலைக்காக எங்களைத் திட்டவும் செய்வார்கள்.

நான் சொல்லும் கதை ஐம்பத்து நாலாம் வருஷம் தொடங்குகிறது. திருவிதாங்கூரில் தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். அதன் பிறகு தமிழர் வீடுகளில் காக்கியைக் கண்டால் ஆண்கள் பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விடுவார்கள். அக்டோபரில் நாங்கள் மருந்தடிக்கப் போனோம், காக்கி நிக்கரும் காக்கிச் சட்டையும் போட்டுக்கொண்டு. போதாததற்கு, அடித்து முடித்த வீட்டில் வாசல் நிலைக்குப் பக்கத்தில் உள்சுவரில், தகர அச்சை வைத்து வீட்டு நம்பரும் தேதியும் கறுப்பு மையில் போட வேண்டும் என்பது விதி. எந்த வீடு முடிந்தது, எது விடுபட்டது என்று அடுத்த சுற்றில் தெரிவதற்காக. அதைத்தான் எல்லாரிடமும் சொன்னேன். காக்கி போட்டவன் சொன்னால் அந்த வருஷம் யார் நம்புவார்கள்?

ஜெயதாஸ் வீட்டில் மருந்தடித்த அன்று ரத்னபாய் அங்கே இருந்தாள். அன்றுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன். மகளுக்கு நாலு மாசம், முதல் பிள்ளை. கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவரை அடித்துவிட்டுத் திரும்பினால், வழியை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

"மக்கா, இந்தச் சுவரை இன்னும் ஒருக்க அடி. எனக்க மோளு இதுக்குக் கீழயாக்கும் படுக்குவா."

விதிப்படி ஒரு தடவைதான் என்றேன். அவள் வழியை விடவில்லை. பாதிக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இரண்டாவது தடவையும் அடித்தேன். அரசாங்கத்தை நான் ஏமாற்றிய முதல் சந்தர்ப்பம் அது. இரண்டாவதையும் இவளுக்காகத்தான் செய்தேன், பின்னால் சொல்கிறேன்.

ஜனவரியில் காஞ்சிரவிளையில் பனி வந்தது. வழக்கத்தைவிட மோசமாக வந்தது. விமலகுமாரிக்கும் வந்து, ஏழு மாசத்துப் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண்பிள்ளை. சபைக் கல்லறைத் தோட்டத்தில் பெயர் இல்லாமல் அடக்கம் செய்தார்கள்.

பனி வந்ததைவிட வந்த விதம்தான் ஊரைக் கொதிக்க வைத்தது. தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளில் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். ஊடே ஊடே இருந்த மலையாளி வீடுகளில் ஆட்கள் எழுந்து நடமாடினார்கள். ஜெயதாஸின் பக்கத்து வீட்டு விலாசினி மலையாளத்துக்காரி. அவள் வீட்டில் ஏழு பேர், ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை. அவள்தான் ஜெயதாஸ் வீட்டுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நம் ஆட்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: மலையாளத்தான் சுவருக்கு மருந்து, தமிழன் சுவருக்கு வெறும் வெள்ளம், பச்சைத் தண்ணீர். ஜெயதாஸ் ஆலயத்து முற்றத்தில் நின்று அதைச் சொன்னான். பிள்ளையைப் பறிகொடுத்தவன் சொல்லும்போது யார் மறுப்பது? என்னைத் துரோகி என்றார்கள். நானும் தமிழன்தான், என் அண்ணன் கிளர்ச்சியில் அடி வாங்கியவன்.

எங்களுக்கு மேலே இருந்த மலேரியா இன்ஸ்பெக்டர் சோமன் சார் வேறு மாதிரி சந்தேகப்பட்டார். நாங்கள் மலை ஏறச் சோம்பி மருந்தை ஓடையில் கொட்டிவிட்டுக் கணக்கு எழுதிவிட்டோமாம். இரண்டு பக்கமும் அடி. ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. பேசாதிருந்தது நிம்மதியாக இருந்தது என்று வீட்டுக்காரி சொன்னாள்.

அந்த வாரத்தில் ஒரு காலை ரத்னபாய் தனுவச்சபுரத்துக்கு நடந்து வந்தாள். என் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பிறகு கேட்டாள்:

"எலே, மருந்துக்கு மேல சுண்ணாம்பு அடிச்சா என்ன ஆவும்?"

மருந்து அடியில் போய்விடும், கொசு சுண்ணாம்பில் உட்கார்ந்துவிட்டு நன்றாக எழுந்து பறக்கும், அடித்ததும் அடிக்காததும் ஒன்றுதான் என்றேன். அவள் விரலை மடக்கி வீடு வீடாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

கிறிஸ்மசுக்குக் காஞ்சிரவிளையில் வழக்கமாக முன்சுவருக்கு மட்டும் வெள்ளையடிப்பவர்கள் உண்டு. அந்த டிசம்பரில் அத்தனை பேரும் உள்சுவருக்கும் சேர்த்து வாங்கினார்கள். சுவரில் சர்க்கார் நம்பர் இருந்தால் போலீசு தேடி வரும் என்ற பயம். கிளர்ச்சிக்காரன் வீட்டை அடையாளம் வைக்கத்தான் நம்பர் என்று யாரோ சொல்லியிருக்கிறான். கிறிஸ்மஸ் வெள்ளை என்று சொல்லி நம்பரை மறைத்தால் யார் கேட்பது? ரத்னபாயின் சூளையில் எப்போதும் போவதைப்போல இரண்டு பங்கு போயிற்று. சந்தோஷமாகத்தான் விற்றாள். இருபத்திரண்டு வீட்டுக்கு விற்றதில் இருபத்தோரு வீட்டில் பனி. மலையாளி வீடுகளில் ஓணத்துக்கு வெள்ளையடிப்பார்கள். ஓணம் முடிந்த பிறகுதான் நாங்கள் மருந்தோடு போனோம், ஆகவே அவர்கள் சுவரில் மருந்து அப்படியே இருந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்களில் ராஜதாஸ் வீட்டில் மட்டும் பனி இல்லை. அப்பன் செத்த வருஷம் என்பதால் அங்கே கிறிஸ்மஸ் இல்லை, வெள்ளையும் இல்லை. மலையாளிகளில் சதாசிவன் வீட்டில் மட்டும் பனி. மருந்தடித்த பிறகு விருச்சிக மாசம், நம் கார்த்திகையில், மகள் கல்யாணத்துக்கு அவளிடம்தான் எட்டு படி வாங்கியிருந்தான்.

தில்லியில் படித்தவர்கள் போட்ட காகிதத்திலும் இன்ஸ்பெக்டர் ஆபீஸில் மாட்டியிருந்த வரைபடத்திலும் இல்லாத கணக்கு இவள் விரலில் இருந்தது. அக்கா, நீ எங்களைக் காப்பாற்றினாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கடைசி விரலையும் மடக்கினாள்.

"மோளுக்க வீட்டுக்கு நாலு படி" என்றாள். "அது நான் வித்ததில்ல. தலையில சுமந்துகொண்டு போய்ச் சும்மா குடுத்ததாக்கும்."

சோமன் சாரிடம் நான் சொன்னால் எடுபடாது என்று அவளே போனாள். ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து, மூன்றாம் நாள் அவரை மலை ஏற வைத்தாள். அவர் மோசமான ஆள் இல்லை. கண்ணாடிக் குழலில் கொசு பிடித்துக் கொண்டுவந்தார். விலாசினி வீட்டுச் சுவரில் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து உள்ளே கொசுவை விட்டார், ஜெயதாஸ் வீட்டுச் சுவரில் இன்னொன்றை. கொஞ்ச நேரத்தில் விலாசினி சுவர்க் கொசுக்கள் காலைப் பரப்பிக்கொண்டு கீழே கிடந்தன. ஜெயதாஸ் சுவர்க் கொசுக்கள் டம்ளருக்குள் பாடிக்கொண்டிருந்தன. சார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். என் மேலிருந்த சந்தேகம் அத்தோடு போயிற்று. மருந்தடிக்கிற மாசத்தைக் கிறிஸ்மசுக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போட முடியுமா என்று ரத்னபாய் கேட்டாள். அது மேலிருந்து வருகிற தேதி, ஒரு ஊருக்காக மாற்ற முடியாது, ஜனவரிக்குப் போனால் பனியும் முந்திக்கொள்ளும் என்று பொறுமையாகச் சொன்னார்.

"செரி சாரே" என்றாள். "ஒங்களுக்க தேதியை மாத்தாண்டாம். நான் கிறிஸ்மசை மாத்துதேன்."

சார் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காஞ்சிரவிளை ஆலயத்தில் ஆராதனை முடிந்ததும் ஜெயதாஸ் எழுந்தான். இனி மருந்துக்காரனை ஊருக்குள் விடக் கூடாது என்று சபையாரைக் கொண்டு முடிவு செய்யப் போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ரத்னபாய் எழுந்தாள். உபதேசியார் எலியா கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"வெள்ளம் அடிக்கல்ல, மருந்துதான் அடிச்சாவ. அதுக்கு மேல சுண்ணாம்பு அடிச்சது நாம. எனக்க பேரப்பிள்ளையைக் கொன்னது நான் சுமந்துகொண்டு வந்த சுண்ணாம்பாக்கும். இனி ஒரு பிள்ளையையும் அதுக்குக் குடுக்க மாட்டேன்."

பிறகு ராஜதாஸ் எழுந்து, தன் வீட்டில் வெள்ளையும் இல்லை, பனியும் இல்லை என்பதைச் சொன்னான். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயதாஸ் முகம் கறுத்து உட்கார்ந்தான். விமலகுமாரி மட்டும் யாரையும் பார்க்காமல் எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போனாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்னாலேயே போன தாய்க்குக் கதவு திறக்கவில்லை.

எனக்கு அந்தப் பெண் மேல் கோபம்தான் வந்தது. தாய் இத்தனை பேர் முன்னால் தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள், இவளுக்கு என்ன வீம்பு? பிறகு விலாசினி வந்து சொன்னாள். சபை முழுவதும் சேர்ந்து கேட்ட விஷயத்தை அம்மை முதலில் என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும், செத்தது என் பிள்ளை அல்லவா என்று கேட்டு அழுதாளாம். ரத்னபாய் அதைக் கேட்டுவிட்டு, அவள் சொல்வது சரிதான் என்றாள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, ஊரிடம் சொல்வது லேசாக இருந்தது என்றாள்.

ஐம்பத்தைந்து ஆகஸ்டில் விமலகுமாரி மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. பனி மாசங்கள் முடிகிற வரைக்கும் பாறசாலைக்கு வந்து இருக்கட்டும், கீழ்நாட்டில் பயமில்லை என்று ரத்னபாய் உபதேசியாரிடம் சொல்லி அனுப்பினாள். வர மாட்டேன் என்று பதில் வந்தது. சரி, அவள் கீழே வராவிட்டால் மேலே பனி வரக் கூடாது, அவ்வளவுதானே என்றாள் ரத்னபாய். ஏதோ துவைத்த துணியை எடுத்துவை என்பது மாதிரி சொன்னாள்.

அன்று சூளைக்குத் தீ வைத்தவள் செப்டம்பர் முடியும் வரை அணையவிடவில்லை. காஞ்சிரவிளையிலும் சுற்றுப்புறத்திலும் ஒவ்வொரு வீட்டுக்கும் சுண்ணாம்பைக் கொண்டுபோய் இறக்கினாள். கிறிஸ்மஸ் வெள்ளையை இப்போதே உள்ளே அடித்துக்கொள், டிசம்பரில் உள்சுவருக்கு ஒரு பிடி கிடைக்காது என்றாள். ஓணத்தோடு கிறிஸ்மஸ் கொண்டாடச் சொல்கிறாளே, கிழவிக்குக் கிறுக்கு என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களின் சுவரை அவளே அடித்துவிட்டு வந்தாள். கொல்லங்கோட்டுப் பக்கத்துச் சூளைக்காரர்கள் இரண்டு பேரிடம் போய், மலைக்கு டிசம்பரில் சரக்கு ஏற்றாதே என்று சண்டை போட்டாள். ஒருவன் ஒப்புக்கொண்டான். இன்னொருவன் உன் வேலையைப் பார் என்றான்.

நம்பர்தான் பெரிய தடையாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் மாநில எல்லைகளைப் பிரிக்க அமைத்த கமிஷனின் அறிக்கை வெளியானது. தெற்கே நாலு தாலுகா தமிழ்நாட்டுக்கு, எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா மலையாளத்தோடேயே. நம் ஆட்களுக்கு இடி விழுந்தது மாதிரி ஆயிற்று. மருந்தை வேண்டுமானால் அடித்துவிட்டுப் போ, இந்தச் சர்க்காரின் நம்பர் என் சுவரில் ஏறாது, ஏறினால் அன்றைக்கே சுரண்டி எடுத்துவிட்டுச் சாணி மெழுகுவேன் என்று ஜெயதாஸ் சொன்னான். ஊரும் அவன் பக்கம். மெழுகினால் மருந்தும் அதோடு போயிற்று.

ரத்னபாய் என்னிடம் வந்தாள். அவள் வீட்டுச் சுவரில் நம்பர் போடச் சொன்னாள். பாறசாலை மருந்தடிக்கிற பகுதியே இல்லை அக்கா, பட்டியலில் இல்லாத வீட்டில் நம்பர் போட்டால் என் வேலை போய்விடும் என்றேன். பழையபடி பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மத்தியானம் தகர அச்சையும் மையையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். உள்சுவரில் போடப் போனால் வேண்டாம் என்றாள். நெடுஞ்சாலையைப் பார்த்த வெளிச்சுவரில், போலீசு ஜீப் போகிற பக்கமாக, ஆள் உயரத்தில் போடச் சொன்னாள். போட்டேன்.

"இனி போலீசு நம்பரைத் தேடி வந்தா எனக்க வீட்டுக்குத்தான் முதல்ல வருவாவ" என்றாள். "என்னை இழுத்துக்கொண்டு போன பொறவு நீங்க சுரண்டுங்க எண்ணு மேல போய்ச் சொல்லு."

மலையிலிருந்து பாறசாலைச் சந்தைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தினமும் ஜீப் போயிற்று. ஒரு நாளும் நிற்கவில்லை. சோமன் சாரும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காக்கிக்குப் பதில் வேஷ்டி கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறோம் என்று நான் சொன்னபோதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்டோபரில் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காஞ்சிரவிளைக்கு ஏறினோம். முதல் வீடாக ஜெயதாஸ் வீட்டுக்குப் போனோம். அவன் படலைத் திறக்காமல் நின்றான். ரத்னபாய் சாலை வளைவில் நின்றாள், அதற்கு மேல் வரவில்லை. என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து விமலகுமாரி ஒரு பானையோடு வந்து முற்றத்தில் வைத்தாள். திரும்பிப் போய் இன்னொன்று கொண்டுவந்தாள். பிறகு அரிசிப் பெட்டி. கட்டிலை இழுக்கக் குனிந்தபோது ஜெயதாஸ் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான். நான் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவரை இரண்டு தடவை அடித்தேன். நம்பர் அச்சைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெயதாஸைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துவிட்டு, நம்பரைப் போடும் என்றான்.

டிசம்பரில் கிறிஸ்மசுக்கு முந்தின பதினைந்து நாளும், மலைக்கு வண்டி ஏறுகிற வளைவில் ரத்னபாய் ஒரு ஓலைக்குடையோடு உட்கார்ந்திருந்தாள். கொல்லங்கோட்டுக்காரனின் சுண்ணாம்பு வண்டி மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் காளைகளுக்கு முன்னால் போய் நின்றாள். வண்டிக்காரன் திட்டினான், கெஞ்சினான், கடைசியில் திரும்பிப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் விலாசினி வீட்டு வேலி வரைக்கும் போவாள். நம்பர் இருக்கிறதா என்று கேட்பாள். விலாசினி எட்டிப் பார்த்துவிட்டு, உண்டு அக்கா, ஒரு புள்ளிகூட அழியவில்லை என்பாள். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி நடப்பாள். மகள் வீட்டுக் கதவு அப்போதும் சாத்தித்தான் இருந்தது.

அந்தக் கிறிஸ்மசுக்குக் காஞ்சிரவிளையில் வெளிச்சுவரெல்லாம் பளிச்சென்று வெள்ளை, உள்ளே கறுப்பு மையில் நம்பர், அதற்குப் பக்கத்தில் கடுதாசி நட்சத்திரம். பனி நாலு வீட்டில் மட்டும் வந்தது. நாலில் இரண்டு, சாணி மெழுகிய வீடு. விமலகுமாரிக்கு வரவில்லை.

ஏப்ரல் மாசம் பெண்பிள்ளை பிறந்தது. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரவில்லை, மருத்துவச்சியை வைத்து அங்கேயே பெற்றாள். செய்தி கேட்டு ரத்னபாயோடு நானும் போனேன். வேலிக்கு வெளியே நின்றோம். யாரும் கூப்பிடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உள்ளே போய் நறுக்கென்று நாலு கேட்டிருப்பேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்கள் சொரசொரப்பாக இருந்தன.

"பிள்ளை கரையுத சத்தம் கேட்டேன்" என்றாள். "நல்ல பலத்த சத்தம். போதும் மக்கா, வா."

திரும்பி வருகிற வழி முழுக்க அவள் அழுதாள். நானும் அழுதேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கம் இல்லை.

செப்டம்பரில் அந்த வருஷச் சுற்றுக்காக வீடு கணக்கெடுக்கப் போனேன். நவம்பர் ஒன்றாம் தேதி எல்லை பிரியப்போகிறது, காஞ்சிரவிளை மலையாளப் பக்கமே என்று முடிவாகிவிட்டிருந்தது. யாருக்கும் பேச்சில் உற்சாகம் இல்லை. ஜெயதாஸ் வீட்டைத் தாண்டும்போது விமலகுமாரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படலருகே வந்து என்னைக் கூப்பிட்டாள். குண்டுப் பிள்ளை, என் சட்டைப் பையிலிருந்த பென்சிலைப் பிடுங்கப் பார்த்தது.

"அம்மைக்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "பிள்ளைக்கு ஞானஸ்நானம் வச்சிருக்கு. மருந்தடிக்கு முன்னால வெள்ளையடிச்சிரணும். அஞ்சு படி சுண்ணாம்பு வேணும். வண்டியில குடுத்து விடாண்டாம். அம்மையே கொண்டு வரணும்."

அன்று மீதி வீடுகளை நான் எழுதவில்லை. பஸ் பிடித்துப் பாறசாலைக்குப் போனேன். ரத்னபாய் சூளையடியில் சாம்பல் அரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"அது நாலு படி வீடு" என்றாள்.

பிள்ளைக்காக ஒரு அறை கூட்டிக் கட்டியிருக்கிறார்கள் அக்கா என்றேன்.

அவள் போய்க் கைகால் கழுவினாள். ஓலைப்பெட்டியை எடுத்துத் தட்டிச் சுத்தம் செய்தாள். படியால் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி அளந்தாள். நாலாவது படியில் கை நின்றுவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு ஐந்தாவதையும் அளந்து கட்டினாள். பஸ் நிற்கிறது, கொஞ்ச தூரமாவது நான் சுமக்கிறேன் என்றேன். தரவில்லை. பெட்டியைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மலைப் பக்கமாக நடந்தாள்.